மாடனை மலையேற்றியவள்

செந்தூர்பாண்டியின் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்த டாக்டர், மாத்திரை மருந்தெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார்: இனிமேல் சாமியாடக் கூடாது. மீறி ஆடினால் தன்னிடம் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னார். உப்பைக் குறைப்பதற்கும் புகையிலையை விடுவதற்கும் தலையாட்டிய மனிதர், இதற்கு மட்டும் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட இருந்த மகள் சுடலைச்செல்விதான் அவருக்கும் சேர்த்து "சரி டாக்டர்" என்றாள்.

சொல்வது சுலபம். ஏரலுக்குக் கிழக்கே, தாமிரபரணித் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளைகிற அந்த ஊரில், சுடலைமாடன் கோயிலுக்குக் கோமரத்தாடி அவர். மீசை முளைத்த காலத்திலிருந்து வருடந்தோறும் நடக்கும் கொடை விழாவில் மாடன் வந்து இறங்குவது அவர் மேல்தான். மற்ற நாளில் பரம சாது. வாழைக்குலைக்கு விலை பேசக்கூட வாய் எழாது. ஆனால் உறுமி மேளச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் சங்கிலி போட்டுக் கட்டினாலும் நிற்க மாட்டார் என்பது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் அந்த வருடக் கொடைக்கு முன்னால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஆடுவதற்கு அவருடைய தம்பி ராஜதுரை. கொடையன்று சாயங்காலம் பாட்டுக் கச்சேரி நடக்கும். அதை மட்டும் செந்தூர்பாண்டி உட்கார்ந்து கேட்பார். மேளக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் அவரைக் காரில் ஏற்றித் தூத்துக்குடிக்கு, முத்தையாபுரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு, அனுப்பிவிட வேண்டும். உறுமி காதில் விழாது, மாடன் வரமாட்டார், நெஞ்சுக்கும் பழுதில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்தக் கச்சேரியில் ரிதம் பேட் வாசிக்கிறவளே சுடலைச்செல்விதான். குழு அவளுடையதல்ல, கீபோர்டு வாசிக்கிற ஸ்டெபினுடையது. ஆனால் அந்தக் குழுவைத்தான் கூப்பிட வேண்டும் என்று கொடைக் காரியம் பார்க்கும் சித்தப்பா ராஜதுரையிடம் நடையாய் நடந்தவள் அவள். ஏனம்மா இந்தப் பாடு என்று கேட்டால், சொந்த ஊர்க்காரர்கள் கேட்கட்டுமே என்பாள். பொய். கேட்க வேண்டியது ஒரே ஒரு ஆள்தான். அப்பா அதுவரை அவள் வாசித்து ஒரு பாட்டுக்கூட முழுசாகக் கேட்டதில்லை.

பேட் அவள் கைக்கு வந்தது தூத்துக்குடியில் கல்லூரியில் படிக்கிறபோது. கூடப் படித்த ஜெபசெல்வியின் சர்ச்சில், வெளிநாட்டிலிருந்து யாரோ காணிக்கையாக அனுப்பிய பேட் ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. பாடகர் குழுவில் ஒருவருக்கும் அதைத் தொடத் துணிச்சலில்லை. கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகைக்குத் தோழியோடு சும்மா துணைக்குப் போனவள், இரண்டு குச்சியை எடுத்து அதன் கட்டங்களில் ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். தபலா பேசியது. அடுத்ததைத் தட்டினாள், கண்ணாடி உடைந்தது. அதற்கடுத்ததில் ஒரு கூட்டமே கைதட்டியது. ஒரு ரப்பர் பலகைக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்களா என்று வாயைப் பிளந்தவள்தான், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவள்தான் பேட். சுடலையின் பெயரை வைத்துக்கொண்டு இங்கே வந்து வாசிக்கிறாளே என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். கேரல் களைகட்டியதும் அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்பாவுக்கும் அவள் சர்ச்சில் வாசிப்பதில் வருத்தமில்லை. எல்லாச் சாமியும் சாமிதான் என்பார். அவருக்கு ஆகாதது அந்தப் பெட்டி. கல்யாணமாகி, கண்டெய்னர் லாரி ஓட்டும் கணவனோடு முத்தையாபுரத்தில் குடியேறிய பிறகு, சொந்தமாக ஒரு பேட் வாங்கி அதை ஊருக்கே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் அதை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"தோலுன்னா செத்த ஆட்டுத் தோலுதான். ஆனா ஒரு காலத்துல அதுக்குள்ள உசுரு ஓடுச்சில்லா? இதுல என்ன ஓடுது, கரண்டுதான?" என்றார்.

அத்தோடு எழுந்து வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அவள் அழவில்லை, வீம்பு பிடித்தாள். கம்பெனிக்காரன் பெட்டிக்குள் போட்டுக் கொடுக்கிற டோன் எல்லாம் ஊர்பேர் தெரியாத டோன், நம் பக்கத்து ஓசையை உள்ளே வைத்தால் உயிர் தானாக வரும் என்பது அவள் கட்சி. கையடக்க ரெக்கார்டரோடு ஆறுமுகநேரி உப்பளத்துக்குப் போய் உப்பு வாரும் ஓசையைப் பிடித்து வந்தாள். கச்சேரியில் அதுதான் அவளுக்குக் கிலுகிலுப்பை. துறைமுகத்தில் கப்பல் கிளம்பும்போது ஊதுவதைப் பிடித்து, சுருதி இறக்கி, மேடை அதிர்கிற ஒரு முழக்கமாக வைத்திருந்தாள். பிடித்த ஓசையை வெட்டிச் சுத்தம் செய்து பேட்டுக்குள் உட்கார வைப்பதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிடும். கணவன் குழைந்த சோற்றைத் தின்று பழகியிருந்தான்.

போன வருடக் கொடையில் அவள் பிடித்தது முப்பிடாதியின் உறுமியை. வருடாவருடம் மாடனுக்கு உறுமி அடிக்கிறவர் அவர். அவர் கை பட்டால்தான் செந்தூர்பாண்டிக்கு அருள் வரும். கொடை முடிந்த மறுநாள் காலையில் முப்பிடாதியை வாழைத்தோப்பில் உட்கார வைத்து, தட்டு ஒன்று, வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் உறுமல் ஒன்று என்று தனித்தனியாக அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தாள். பிறகு, மாடன் உச்சத்தில் ஆடும்போது அடிக்கிற அடியை முழுசாக ஒரு சுற்று அடிக்கச் சொன்னாள். அந்தச் சுற்றைப் பேட்டில் லூப்பாகப் போட்டாள். ஒரு தட்டுத் தட்டினால் போதும், மறுபடி தட்டி நிறுத்துகிற வரைக்கும் அது தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கல்யாண வீடுகளில் அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. அப்பா இருக்கிற இடத்தில் மட்டும் அதைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தாள்.

கொடையன்று வெயில் தாழ்ந்ததும் கச்சேரி தொடங்கியது. செந்தூர்பாண்டி குளித்துத் திருநீறு பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் மேடையில் இருந்தவள் குச்சிகளை இன்னொரு தரம் துடைத்துக்கொண்டாள். முதல் பாட்டுக்கு அவர் முகம் கல்லாக இருந்தது. அடுத்த பாட்டில் உப்பு கிலுகிலுத்தபோது என்னவோ ஏதோ என்று தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் இரண்டு பாட்டு போவதற்குள் முழங்காலின் மேலிருந்த விரல் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அப்படி மிதக்கிறவளுக்குக் காலில் நிதானம் எங்கே இருக்கும்?

பேட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய ஓசைகளைப் பாட்டு வரிசைப்படியே அடுக்கி வைத்திருப்பாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததை அறிவித்ததும் காலடியில் கிடக்கும் ஸ்விட்சை ஒரு மிதி மிதித்தால் அடுத்த பாட்டின் ஓசைகள் வந்து நிற்கும். அன்றைய கடைசிப் பாட்டுக்கு அடுத்ததாக இருந்தவை, மறுநாள் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிப்பதற்கானவை. அவற்றில் முதல் கட்டத்தில் இருந்தது முப்பிடாதியின் உறுமி. எடுத்துவிட்டு வரலாம் என்று காலையில் ஒரு யோசனை ஓடியது. அதுவரைக்கும் போகப் போவதில்லையே என்று விட்டுவிட்டாள்.

நேரமாகிறது, அடுத்த பாட்டை விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போவோம் என்று ஸ்டெபின் சைகை காட்டினான். அவள் ஒன்றுக்கு இரண்டாக மிதித்தாள். சரியாகத்தான் மிதித்தாள். ஸ்டெபின் மைக்கைப் பிடித்துப் பாட்டை அறிவித்தான். அறிவிப்பு முடிந்ததும் ஒரு மிதி மிதிப்பது அவளுக்குப் பல வருடப் பழக்கம். கண் அப்பாவின் விரல் மேல் இருந்தது. கால் தன் பழக்கத்துக்கு இன்னொரு மிதி மிதித்துவிட்டது. தபலா வரும் என்று நம்பி முதல் கட்டத்தைத் தட்டினாள்.

உறுமி உறுமியது. கோயிலைச் சுற்றிக் கட்டியிருந்த அத்தனை ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் உறுமியது. செந்தூர்பாண்டி எப்போது எழுந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. நாற்காலி மல்லாந்து கிடந்தது, சட்டைப் பொத்தான்கள் தெறித்துப் போயிருந்தன, அவர் கோயில் வாசலுக்கு நடுவில் இருந்தார்.

அடுத்த கணமே அவள் அதே கட்டத்தைத் தட்டி லூப்பை நிறுத்தினாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் முதல் தப்பைவிடப் பெரிய தப்பு அதுதான். கொட்டு அறுந்ததும் சுழன்றுகொண்டிருந்த உடம்பு அப்படியே விறைத்தது. கண் மேலே செருகிப் பின்பக்கமாகச் சாய்ந்தவரை ராஜதுரை ஓடிவந்து தாங்கிக்கொண்டார்.

"அடிளா! பாதியில நிப்பாட்டுனா ஆளு தேறாது!" என்று அவர் கத்தினார்.

அது அவளுக்குத் தெரியாததல்ல. வந்த சாமியை நடுவழியில் விடக் கூடாது. ஆடி, திருநீறு கொடுத்து, அடி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, அதன் பிறகே சாமி உடம்பை விட்டு மலையேற வேண்டும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பக்கத்து ஊர்க் கொடையில் உறுமித் தோல் கிழிந்து கொட்டு நின்றது. ஆடிக்கொண்டிருந்த ஆள் விழுந்தான். எழுந்தபோது வாய் கோணிப் பேச்சு போயிருந்தது. அதுவும் வாலிப உடம்பு, நெஞ்சில் எதையும் வைக்காத உடம்பு. அவள் மறுபடியும் உறுமியைத் தட்டினாள். விறைத்திருந்த உடம்பு துள்ளி எழுந்து ஆடத் தொடங்கியது.

பெண்கள் குலவையிட்டார்கள். ஊர் மொத்தமும் கையெடுத்துக் கும்பிட்டது. டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், மாடன் தன் ஆளை விடவில்லை பார் என்று அவர்களுக்கு ஒரே ஆனந்தம். பயந்து நின்றது இரண்டு பேர்தான், ராஜதுரையும் அவளும். நிறுத்தினால் விழுவார். நிறுத்தாவிட்டால் நெஞ்சு தாங்காது. அப்பாவின் உதடு கறுத்துக்கொண்டு வருவது மேடையிலிருந்தே தெரிந்தது.

மேளக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவள் பிடித்து வைத்திருந்ததோ உச்ச அடி. முப்பிடாதி நேரில் அடித்தால் அவர் கண் ஆடுகிறவரின் காலில் இருக்கும். கால் தளர்ந்தால் கையும் தளரும். லூப்புக்குக் கண் ஏது? அது போன வருடத்து வேகத்தில், இந்த வருடத்து நெஞ்சைப் பற்றி ஒன்றும் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தான் ஆசை ஆசையாகச் செய்த ஒரு பொருள் தன் அப்பாவைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் ஸ்டெபின் மிக்ஸரில் கையை வைத்துக்கொண்டு, சத்தத்தை மெல்லக் குறைக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சத்தம் குறைவது வேறு, அடி தணிவது வேறு. சத்தம் குறைந்தால் சாமி கொட்டைத் தேடிக்கொண்டு இன்னும் ஆவேசமாக ஓடும்.

சாமி அவளைத் தேடியே வந்தது. மேடையின் முன்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது. அப்பாவின் முகம்தான். ஆனால் அதில் அவளைப் பெற்றவருடைய அடையாளம் எதுவும் இல்லை.

"சாமி, எங்க அப்பாவுக்கு நெஞ்சு தாங்காது. எறங்கிப் போயிருங்க" என்றாள்.

"கூப்பிட்டது நீ" என்றது மாடன். "கூப்பிட்டவதான் கொண்டுபோயி விடணும்."

கொண்டுபோய் விடுவதற்கு லூப் உதவாது. கையால்தான் ஆகும். தட்டும் உறுமலும் தனித்தனியாக அடுத்த கட்டங்களில் இருந்தன. லூப் இருக்கிற தைரியத்தில் அவற்றைச் சேர்த்து வாசிக்க அவள் ஒருநாளும் பழகியதில்லை. முதலில் லூப்போடு கூடவே அதே அடியைக் கையால் அடிக்க வேண்டும். இரண்டும் இம்மி பிசகாமல் சேர்ந்த இடத்தில் லூப்பை நிறுத்த வேண்டும். நிறுத்தியது ஆடுகிறவரின் காதுக்குத் தெரியக் கூடாது.

முதல் சுற்றில் அவள் அடி பிந்தியது. அதைக் கேட்டதும் ஆடுகிறவரின் கால் தடுமாறி ஒரு முழங்கால் மடங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். அடுத்த சுற்றில் உறுமல் சேர்ந்தது, தட்டு சேரவில்லை. அதற்கடுத்த சுற்றில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன. எது லூப், எது தன் கை என்று அவளுக்கே தெரியாத ஒரு இடம் வந்தது. இடதுகைக் குச்சியால் லூப்பை நிறுத்தினாள். அவர் உடம்பு ஒருமுறை உலுக்கிக்கொண்டது. கால் நிற்கவில்லை. இப்போது அந்த ஊரில் அவள் கை மட்டும்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அவசரப்பட்டு இறக்கினாலும் ஆபத்து. அவள் அவர் காலையே பார்த்தாள். குதிகால் தரையில் கொஞ்சம் அதிகமாகத் தங்கினால் அந்த அளவுக்கு அடியைத் தளர்த்தினாள். வேகம் தணியத் தணிய வேறொரு சிக்கல் வந்தது. பதிவு செய்த உறுமல் ஒரே நீளம். அடி மெதுவாகும்போது உறுமலுக்கும் உறுமலுக்கும் நடுவில் ஓசையில்லாத ஓட்டை விழுந்தது. ஓட்டை விழுகிற ஒவ்வொரு தடவையும் அவர் தோள் துடித்தது. ஓர் உறுமல் முடிவதற்குள் அதன் வாலைப் பிடித்து இன்னொன்றை மெத்தென்று தட்டி ஓட்டையை அடைத்தாள். எப்படித் தோன்றியது என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மெதுவாகத் தட்டினால் மெதுவாகப் பேசுகிற பெட்டி அது; அந்த மட்டுக்கும் அது அவளைக் கைவிடவில்லை.

ராஜதுரை திருநீற்றுக் கொப்பரையை நீட்டினார். மாடன் அள்ளி எல்லாருக்கும் கொடுத்தது. மேடைக்கும் வந்தது. அவள் கையை எடுக்க முடியாமல் தலையை மட்டும் குனிய, நெற்றி நிறையப் பூசியது. பிறகு மெல்ல மெல்ல அசைவாகி, அசைவும் குறைந்து, செந்தூர்பாண்டி கோயில் வாசலில் தானாகவே கால் மடித்து உட்கார்ந்தார். அவள் கடைசி உறுமலைக் குச்சியைப் போட்டுவிட்டு விரலால் தட்டினாள். மாடன் மலையேறிவிட்டார் என்று ராஜதுரை சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. தயாராக நின்ற காரில் அப்பாவை ஏற்றினார்கள்.

தூத்துக்குடியில் அதே டாக்டர்தான் பார்த்தார். திட்டு திட்டென்று திட்டினார். திட்டுகிற அளவுக்கு ஆள் தேறியிருக்கிறார் என்று அவளுக்கு நிம்மதி. ஒரு ஆபத்தும் இல்லை, ஆனால் இன்னொரு தரம் இப்படி ஆடினால் பிழைக்க மாட்டார் என்று முடித்தார்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறிய பிறகு செந்தூர்பாண்டி கண் விழித்தார். ஸ்டெபினும் வந்திருந்தான். ஆடியது எதுவும் கோமரத்தாடிக்கு நினைவில் நிற்காது என்பார்கள். மற்றதெல்லாம் போயிருக்கலாம், காதில் விழுந்தது போகவில்லை.

"ஏளா, ஏத்துனது முப்பிடாதி கை. அது தெரியுது. எறக்குனது யாரு?" என்றார்.

அவள் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தாள். ஸ்டெபின்தான் விரலை நீட்டி அவளைக் காட்டினான்.

அவர் நம்பவில்லை. அந்தப் பெட்டியிலா என்று கேட்டார். பெட்டியில்தான் என்றாள். அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குச்சியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களில் வீக்கம் வற்றவில்லை.

"தொட்டில்ல பிள்ளையக் கெடத்துத மாதிரில்லா கெடத்துன. இத்தன வருசத்துல என்னை யாரும் அப்படி எறக்குனதில்ல. இனும எனக்கு நீதான் அடிக்கணும்."

இந்த வார்த்தைக்காக அவள் காத்திருந்தது கொஞ்ச காலமா? கேரல் ஒத்திகையில் முதல் தட்டுத் தட்டிய நாளிலிருந்து காத்திருந்தாள். வந்துவிட்டது. ஆனால் அதை வாங்கிக்கொண்டால் அப்பா மிஞ்சமாட்டார்.

"உங்களுக்கு அடிக்க மாட்டேம்ப்பா" என்றாள்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். ஸ்டெபின் இருக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றான். கோபித்துக்கொண்டார் என்றுதான் அவள் நினைத்தாள். கோபித்தாலும் பரவாயில்லை, இருந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"அப்பம் ராஜதுரைக்கு அடி. அவன் ஆடட்டும். நான் ஊருக்கு வரல, முத்தையாபுரத்துலயே இருந்துக்கிடுதேன். நீ அடிக்கது அங்கன கேக்காதுல்லா?"

"கேக்காதுப்பா" என்றாள். அதற்கு மேல் தாங்காமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.